ஏழு ஆண்டு என்றால் ஏழு ஆண்டுதான்

ஆசிரியருக்கு,

ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டைப் பற்றி எழுதுபவர்கள் அவருடைய இரண்டு ஆஸ்கர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் போட்ட வழக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

1936-இல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம். கொடுத்த வேடத்தை மறுத்தால் சஸ்பெண்ட். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதோடு விட்டார்களா? மறுத்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தது 25 வாரம். மறுக்க மறுக்க வால் நீளும். நல்ல வேடம் கேட்கும் நடிகைக்கு விடுதலையே கிடையாது.

கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டமோ, யாரையும் ஏழு ஆண்டுக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்கிறது. ஏழு ஆண்டு உழைப்பு என்று பொருள் சொன்னது ஸ்டூடியோ. காலண்டர்ப்படி ஏழு ஆண்டு என்று 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. வழக்கு நடந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மற்ற ஸ்டூடியோக்களும் அவருக்கு வேலை தரவில்லை. (இதே வார்னருடன் 1936-இல் மோதிய நடிகை பெட்டி டேவிஸ் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றுப்போனார்.)

இரண்டு ஆஸ்கரும் இதற்குப் பிறகு, வெளி ஸ்டூடியோ படங்களுக்குக் கிடைத்தவை. அந்தச் சட்டப்பிரிவை ஹாலிவுட்டில் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

– ஒரு வாசகர்