வேக வழக்கில் நேரச் சீட்டையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலைகளில் பொருத்தப்படும் வேகக் கேமராக்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கார் வைத்திருப்பவர்கள் அபராதம் அதிகம் என்கிறார்கள். சாலையோரம் குடியிருப்பவர்கள் அது போதாது என்கிறார்கள். வண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் தரப்பிலிருந்து ஒரு கடிதமும் என் கண்ணில் படாததால் இதை எழுதுகிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக நான் சரக்கு லாரி ஓட்டுகிறேன். கடைசி ஆறு ஆண்டுகளாகச் சென்னை மாதவரத்திலிருந்து மதுரைக்கு இரவு லைனில் பார்சல் வண்டி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஓட்டிய வண்டியின் மீது சென்ற ஆண்டு பதிவான மூன்று வேக வழக்குகளில் ஒன்றுகூடப் பொய் வழக்கு இல்லை. அவற்றில் ஒன்றின் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. உளுந்தூர்பேட்டைக்கு அருகில் ஓர் ஊரின் நுழைவாயில், நேரம் நள்ளிரவு தாண்டி 1.52, பலகையில் 50 என்று இருந்த இடத்தில் என் வேகம் 71. படத்தின் ஓரத்தில், மூடிய தேநீர்க் கடையின் பெஞ்சில் இருவர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அன்றிரவு அவர்களை நான் பார்க்கவே இல்லை. அபராதம் கட்டியதைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

அந்தப் படம் என் கைக்கு வந்ததோ நான்கு மாதம் கழித்து. மின்னணுக் கருவி பதிவு செய்யும் குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-அ என்ற விதி சேர்க்கப்பட்டது. அறிவிப்பு உரிய நாளில் போயிருக்கும். ஆனால் போனது வண்டி உரிமையாளரின் கைப்பேசி எண்ணுக்கு. வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று புதுப்பிக்க, கொண்டுபோகும் நேரத்தில்தான் நிலுவையில் இருக்கும் வழக்குகளை அலுவலகத்தில் தேடிப் பார்ப்பார்கள். அப்போது கணக்குப்பிள்ளை மூன்று தாள்களை என் முன் வைத்து, மொத்தம் 6,000 ரூபாய், இரண்டு மாத செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொள்கிறோம் என்றார். நான்கு மாதத்துக்கு முந்தைய ஓர் இரவைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பணம் போனால் போகட்டும் என்று விடவும் வழியில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நடுத்தர, கனரக வண்டிகளின் அதிவேகத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. இரண்டாவது முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே கைப்பற்றலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வைக்கும்படி 2015இலேயே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சொந்தக் கார் ஓட்டுபவருக்கு உரிமம் போனால் பேருந்தில் போவார். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் உரிமம் நிறுத்தப்பட்ட மூன்று மாதமும் கோயம்பேட்டில் மூட்டை தூக்கினார். அவர் ஓட்டிய வண்டி மறுநாளே வேறொருவரை ஏற்றிக்கொண்டு அதே நேரச் சீட்டுடன் கிளம்பிவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்த நேரச் சீட்டைப் பற்றித்தான். எங்கள் புக்கிங் ஆபீஸில் வண்டி கிளம்பும்போது டிரிப் ஷீட் என்கிற பயண விவரத் தாளுடன் ஒரு துண்டுச் சீட்டும் கொடுப்பார்கள். அதில் 'மதுரை 5.30' என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கும். அதற்கு மேல் தாமதமானால் அன்றைய பேட்டாவில் பிடித்தம். மாதவரத்திலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். இரவு 9 மணிக்கு எடுத்தால் கையில் எட்டரை மணி நேரம். சுங்கச்சாவடிகள், டீசல், ஒரு தேநீர், டயர் பார்ப்பது எல்லாவற்றுக்கும் முக்கால் மணி நேரம் கழித்தாலும் சராசரி 60ஐத் தொடாமல் போய்ச் சேரலாம். அந்தக் கணக்கில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் 9 மணிக்கு வண்டி எடுப்பது அபூர்வம். கடைசி நேரத்தில் வரும் பார்சலை விட்டுவிட எந்த அலுவலகத்துக்கும் மனம் வராது. லோடு ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டும்போது 10.45 ஆகிவிடும். கிளம்பும் நேரம் தள்ளிப்போனாலும் சிவப்பு வட்டம் மாறுவதில்லை. அப்போது அதே 460 கிலோமீட்டரை ஓட்டக் கிடைப்பது ஆறு மணி நேரம்தான், அதாவது மணிக்குச் சராசரியாக 77 கிலோமீட்டர்.

2015 அக்டோபருக்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். என் வண்டியிலும் இருக்கிறது. 80க்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் போகாது. 80ஐத் தாண்ட முடியாத வண்டி 77 சராசரி காட்ட வேண்டுமானால் வழியில் எங்குமே வேகத்தைக் குறைக்கக் கூடாது என்றுதான் பொருள். திறந்த நெடுஞ்சாலையில் எல்லோரும் அதே 80இல்தான் போகிறோம். அங்கே ஒரு நிமிடம்கூட மிச்சம் பிடிக்க முடியாது. போன நேரத்தைத் திரும்பப் பிடிக்கக்கூடிய இடங்கள் 50 என்றும் 40 என்றும் பலகை வைத்த ஊர் முகப்புகளும், குறுக்குச் சாலைச் சந்திப்புகளும், பள்ளிக்கூட வாசல்களும் மட்டுமே. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் லாரிக்காரன் நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் போய்விட்டு ஊருக்குள் வந்ததும் வெறி பிடித்து ஓட்டுகிறான் என்பார்கள். அந்த வெறிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

இதையெல்லாம் சட்டம் இயற்றியவர்கள் யோசிக்கவில்லை என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அபராதச் சீட்டில் அச்சிட்டிருந்த பிரிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு, சட்டம் படிக்கும் என் மகளை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவை முழுவதும் வாசித்துக் காட்டச் சொன்னேன். வேக வரம்பை மீறி ஓட்டியவரை மட்டும் அந்தப் பிரிவு தண்டிக்கவில்லை. தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைத்தவரையும் அதே மூச்சில் தண்டிக்கிறது. அதன் 4ஆம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பயணத்தை இத்தனை நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை வெளியிட்டோ கட்டளையிட்டோ இருந்து, வேக வரம்பை மீறாமல் அதை முடிப்பது நடைமுறையில் இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையோ கட்டளையோ அவர் குற்றம் செய்ததற்கு முதல்நோக்குச் சான்று, அதாவது மறுத்து நிரூபிக்காதவரை போதுமான சான்று. சிவப்பு வட்டம் போட்ட துண்டுச் சீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சட்ட வரியை நானே உட்கார்ந்து எழுதினாலும் எழுத முடியாது.

இந்த உட்பிரிவின் கீழ் ஒரு முதலாளியை யாரும் கூப்பிட்டு விசாரித்ததாக என் பத்தொன்பது ஆண்டுச் சர்வீஸில் எந்த ஓட்டுநர் வாயிலாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. கேமராவுக்குத் தெரிவது வண்டியின் எண் மட்டும். எண்ணிலிருந்து அபராதம் உரிமையாளருக்குப் போகிறது. அவர் அதை ஓட்டுநர் தலையில் இறக்கிவிடுகிறார். அத்துடன் கோப்பு மூடப்படுகிறது. இத்தனைக்கும் சான்று தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம் என ஒவ்வொரு சுங்கச்சாவடியையும் வண்டி கடந்த நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் நிமிடச் சுத்தமாகப் பதிவாகிறது. டிரிப் ஷீட் அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வண்டி தாமதமாகக் கிளப்பப்பட்டது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும்.

ஆகவே போக்குவரத்துக் காவல்துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் ஒரு வண்டி, ஒரே தடத்தில் இரண்டாவது முறை வேக வழக்கில் சிக்கினால், ஓட்டுநரின் உரிமத்தில் கை வைப்பதற்கு முன் அந்த இரவின் டிரிப் ஷீட்டையும் நேரச் சீட்டையும் சுங்கச்சாவடிப் பதிவையும் உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். ஓட்டியவர் யார் என்பதைக் காவல்துறை கேட்டால் தெரிவிக்க வேண்டிய கடமை உரிமையாளருக்குச் சட்டப்படி ஏற்கெனவே இருக்கிறது. அப்படித் தெரிய வந்ததும் அறிவிப்பின் ஒரு நகலை ஓட்டுநரின் எண்ணுக்கும் அனுப்புங்கள். நேற்றைய இரவைப் பற்றிக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலாளிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் எழுதவில்லை. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி, மாதத் தவணைக்காகப் பெரிய பார்சல் கம்பெனியிடம் வண்டியை விட்டிருப்பவர்கள் பலர். தாமதத்துக்கு அந்தக் கம்பெனி அவர்களிடம் வாடகையில் பிடிக்கிறது. அவர்கள் எங்களிடம் பேட்டாவில் பிடிக்கிறார்கள். ஆனால் கட்டளை கொடுத்தவர் என்றுதான் சட்டம் சொல்கிறது, வண்டியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று அது அங்கே கேட்கவில்லை. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போக வழி இருக்கிறது. சேரும் நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சிட்டு இரவில் ஓடும் தனியார் சொகுசுப் பேருந்துகளுக்கும் இது பொருந்தும் என்பதை, அவற்றில் பயணம் செய்யும் வாசகர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

கடந்த தை மாதத்திலிருந்து, மாதவரத்தில் என் வண்டி கிளம்பும் நேரத்தை ஒவ்வோர் இரவும் ஒரு நோட்டில் எழுதி, லோடு மேஸ்திரியிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை 61 இரவுகள். 9 மணிக்கு வண்டி எடுத்தது அவற்றில் நான்கு. சிவப்பு வட்டம் போட்ட சீட்டுகளையும் அந்தந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எந்த அதிகாரி கேட்டாலும் அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுக்கத் தயாராக இருக்கிறேன். வேலை போய்விடக்கூடும் என்பதால், கடிதத்தை வெளியிடும்போது என் பெயரை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சரக்கு லாரி ஓட்டுநர் ஒருவர்,
செங்கல்பட்டு.