நமது நூலக மென்பொருள்: ஞாயிறு கூட்டம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பாடசாலை நூலகத்துக்காக நாம் எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருளை இன்று தனியே தாங்குபவர் நம் வகுப்புத் தோழர் ஒருவரே. பிள்ளைகள் உறங்கிய பின், இரவு பதினொரு மணிக்கு மேல், ‘ஸ்ரீ’ எழுத்து உடைந்து தெரிகிறது என்ற முறைப்பாட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார். சேர்வர் கட்டணமும் அவர் சம்பளத்திலிருந்தே போகிறது. இது நியாயமில்லை.

2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது இருந்த, இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்க உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். நம் தோழரையும் அப்படித் தனியே விட்டுவிடக் கூடாது.

கூட்டம்: வரும் ஞாயிறு மாலை 4.30, வெள்ளவத்தையில் வழமையான இடம்.

1. மாதம் 1,000 ரூபா வீதம் ஓராண்டுக்குத் தர இயலுமா என்று எழுதுங்கள்.
2. பணம் இயலாவிட்டால் மாதம் இரண்டு மணி நேரம் தாருங்கள். முறைப்பாடுகளைச் சோதிக்கவும் உதவிக் குறிப்பு எழுதவும் நிரலாக்கம் தெரிந்திருக்கத் தேவையில்லை.
3. கணக்கைப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயருடன் பதில் தாருங்கள், வர முடியாதவர்களும்.