சாதாரணப் பேருந்தில் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை மாநகரப் பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அப்போது லிட்டர் 70 ரூபாய்க்குள் இருந்த டீசல் 90-ஐத் தாண்டிவிட்டது. கட்டணத்தை ஏற்றாதது சரியான முடிவுதான். ஆனால் அதனால் வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் பள்ளத்தை அரசு பட்ஜெட்டில் முழுதாக நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பழைய வண்டிகளை மாற்றுவது தள்ளிப்போகும், அப்புறம் நடைகள் குறையும்.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பலர் இன்னும் நகருக்குள் வந்துதான் வீட்டு வேலை பார்க்கிறார்கள். விடிகாலையில் சாதாரணப் பேருந்து வரவில்லை என்றால் டீலக்ஸில் காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. வேலைக்குத் தாமதமாகப் போனால் வேலையே போய்விடும். இலவசப் பயணம் இவர்களுக்காகத்தானே வந்தது?

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். தேவையான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெட்ரோ போகாத தெருக்களுக்குப் பேருந்து மட்டுமே போகிறது.

விற்ற டிக்கெட்டை வைத்து மட்டும் ஒரு தடத்தை எடை போடாமல், அதிகாலை, இரவு நடைகளுக்கென்று தனியாக நிதி ஒதுக்குங்கள். தடத்தையோ நேரத்தையோ மாற்றினால் ஒரு வாரம் முன்பே நிறுத்தத்தில் தமிழில் அறிவிப்பு ஒட்டுங்கள். எல்லார் கையிலும் செயலி இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை