சாச்சாவுக்கும் செம்பூர்ச் சொந்தங்களுக்கும் நன்றி

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா, தாராவி நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று சாயங்காலம் மிருதங்க வகுப்பு மறுபடியும் தொடங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் 'த தி தொம் நம்' சொல்லிக்கொண்டே வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் வகுப்பறைக்குள் புகுந்து மிருதங்கங்கள் நனைந்துபோனதை நான் விரிவாகத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26-ல் 944 மில்லிமீட்டர் மழையைப் பார்த்த ஊர் இது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் என்னவாகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கடிதம் முக்கியமாக ஒருவருக்காக. தாதர் பக்கம் தபலா கட்டும் பெரியவர் அவர். நாங்கள் சாச்சா (சித்தப்பா) என்றே கூப்பிடுகிறோம். ஒரு மாணவனின் அப்பா போகிறபோக்கில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். யாரும் அழைக்காமலே, தண்ணீர் முழுக்க வடியாத அறைக்குள் பையோடு வந்து நின்றார். "முதலில் வாரைத் தளர்த்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்" என்றார் இந்தியில். இரு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டியிருக்கும் தோல்பட்டைதான் வார். நனைந்த தோல் காயும்போது சுருங்கி இழுக்கும். வார் இறுக்கமாகவே இருந்தால் தோல் கிழியும். பலாக் கட்டையை அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாரைப் பிரித்தார். பிரித்த கட்டையைக் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு நிழலில் அடுக்கினார்.

பிரித்தபின் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதையும் அவரே யோசித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு, கட்டையின் உட்புறத்தில் பென்சிலால் உருதுவில் எழுதினார். கார்த்திகேயனின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலது முகத்தில், கரணை என்கிற கருப்புப் பூச்சு ஊறிப் பெயர்ந்து கிடந்தது. அதை மட்டும் அவர் தொடவில்லை. "தபலாவின் ஸ்யாஹி (அதன் கருப்புப் பூச்சு) எனக்குத் தெரியும், இது உங்கள் ஊர் வேலை, உங்கள் ஆள்தான் போட வேண்டும்" என்றார். இத்தனை வருடத் தொழில் கையில் இருக்கும் மனிதர் அப்படிச் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. காசு கொடுக்கப் போனபோது டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சென்னையிலிருந்து புது மூட்டுகளோடு (மிருதங்கத்தின் தோல் முகங்கள்) ரயிலேறி வந்த மிருதங்கக்காரர், தங்க அறையும் சாப்பாடும் தந்த மாமி, கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர்கள், பக்கெட்டும் துடைப்பமுமாக வந்த மேல்மாடி மராத்திக் குடும்பம், தங்கள் மிருதங்கங்களை இரவல் கொடுத்த பழைய மாணவர்கள், தொகையைச் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இந்த நாட்களில் ஒன்று எனக்கு உறைத்தது. மிருதங்க மேதை பாலக்காட்டு மணி ஐயர் 1966-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அவருக்கு மிருதங்கம் கட்டிய தஞ்சாவூர் பர்லாந்துவைப் பற்றி எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? தோலைப் பதம் பார்த்து, கரணையைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் கை இல்லாமல் எந்த 'நம்'மும் பேசாது. சென்னை, தஞ்சாவூரை விட்டு இவ்வளவு தூரம் வந்து வாத்தியம் கற்கிற நம் பிள்ளைகளுக்கு அந்தக் கைகள் கண்ணிலேயே படுவதில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி என்னிடம் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்போடு சேர்த்து வார் பிடிக்கவும், தொப்பியில் (இடது முகத்தில்) ரவை அப்பவும், மழைக்காலத்தில் மிருதங்கத்தைப் பாதுகாக்கவும் கற்றுக்கொள்ளும். பர்லாந்துவின் பெயர் முதல் மாதத்திலேயே வரும். விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகள் உட்காரும்போது முதல் தாம்பூலம் சாச்சாவுக்கு. வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்களும் குடும்பத்தோடு வாருங்கள். இரவல் மிருதங்கங்களை அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன், எல்லாவற்றுக்கும் சுருதி சேர்த்து வைத்தாயிற்று.

அன்புடன்,
செம்பூர் மிருதங்க வகுப்பு ஆசிரியர்