சிறு அந்துப்பூச்சிகளுக்குப் படத்தை வைத்துப் பெயர் சூட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இரவுப் பூச்சிகள் படத்தொகுப்பை இரண்டு முறை படித்தேன். மொட்டைமாடியில் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்க்கிறவர்கள் நம் ஊர்களில் பெருகுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத சாம்பல் நிறப் பூச்சிகளுக்கும் இனப்பெயர் போட்டிருந்தீர்கள். செல்போன் செயலி சொன்ன பெயர்கள் என்று குறிப்பும் இருந்தது. அது சரியல்ல.

பெரிய பூச்சிகளுக்குச் செயலி நன்றாகவே உதவும். நெல் குருத்துப்பூச்சியின் பெண்ணுக்கு அதுகூட வேண்டாம். மஞ்சள் இறக்கையில் உள்ள ஒற்றைக் கரும்புள்ளியைப் பார்த்து விவசாயியே சொல்லிவிடுவார். சிறியவற்றில் அப்படி முடியாது. எங்கள் பக்கம் தக்காளி அதிகம். தக்காளி இலையைக் குடையும் ஊசிப்புழு, உருளைக்கிழங்கைத் துளைக்கும் புழு, நிலக்கடலைச் சுருள்பூச்சி மூன்றுமே ஜெலிகிடே என்ற ஒரே அந்துப்பூச்சிக் குடும்பம். அவற்றின் தாய்ப்பூச்சிகள் துணியில் வந்து உட்கார்ந்தால் மூன்றும் அரிசி நீளத்தில் பழுப்பும் சாம்பலுமாகத்தான் தெரியும். லென்ஸில் பார்த்தால் முகத்திலிருந்து இரண்டு உறுப்புகள் கொம்பு மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்னிறக்கை ஓரத்தில் நீண்ட மயிர் விளிம்பு இருக்கும். இவற்றால் குடும்பம் தெரியும். சுருள்பூச்சிக்கு முன்னிறக்கை விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு. ஆனால் பறந்து பறந்து செதில் உதிர்ந்தால் அதையும் நம்ப முடியாது. இனத்தை உறுதிசெய்ய வயிற்று நுனியைக் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் மரபணுச் சோதனை.

அந்தத் தக்காளி ஊசிப்புழுவுக்கு, பெரு நாட்டில் கிடைத்த மாதிரியை வைத்து 1917-இல் பெயரிட்டவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தில் மார்ல்பரோ பள்ளி ஆசிரியர். பூச்சியியல் அவருக்குத் தொழில் அல்ல. சிறு அந்துப்பூச்சிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தவர். நம் நாட்டு இனங்களும் அவற்றில் ஏராளம். அவர்மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்கும் முறையை அவர் ஏற்கவில்லை, லென்ஸையே நம்பினார். பின்னால் வந்தவர்கள் அவருடைய மாதிரிகளை எடுத்து மறுபடி ஆராய வேண்டியிருந்தது. பூச்சியைக் கையில் வைத்திருந்தவர் நிலையே அது. நம்மிடம் இருப்பதோ வெறும் படம்.

செயலி தான் ஏற்கெனவே பார்த்த படங்களுக்குள்தான் தேடும். நம் ஊர்ச் சிறு பூச்சிகள் பலவற்றுக்கு உறுதிசெய்த படமே இல்லாதபோது, பக்கத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பெயரைத் தந்துவிடுகிறது. அந்தப் பெயர் அச்சில் வந்தால் அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார். ஊசிப்புழு இந்தியாவில் முதலில் பதிவானது 2014-இல், மகாராஷ்டிரத்தில். நாளை இப்படி இன்னொரு பூச்சி வந்து சேர்ந்தால், தவறான பெயருக்குள் அது மறைந்து கிடக்கும்.

பூச்சியை வெட்டாமல் இனத்தை அறிய உதவும் ஒரு வழி உண்டு: புழுவிலிருந்து வளர்ப்பது. எலுமிச்சைக் கொழுந்தில் வெள்ளியாய் மினுங்கி வளைந்து வளைந்து ஓடும், புழு குடைந்த தடத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். தடத்தின் நடுவே எச்சம் கருங்கோடாக ஓடும். முடிவில் புழு இலை ஓரத்தை மடித்து உள்ளே கூட்டுப்புழுவாகும். அந்த இலையைக் காம்போடு ஈரப்பஞ்சில் செருகி டப்பாவில் மூடி வைத்தால், சில நாளில் கொசுவைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சி வெளிவரும். இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். எந்தச் செடி, தடம் இலையின் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா, எச்சம் கோடாகவா சிதறலாகவா என்ற விவரங்கள் நிபுணருக்குப் படத்தைவிட அதிகம் சொல்லும். நம் வேலியோரச் செடிகளைக் குடையும் பல பூச்சிகளைப் பற்றி இந்த அளவுக்குக்கூடப் பதிவு கிடையாது. ஆர்வலர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

ஆகவே என் வேண்டுகோள்: இனி சிறு அந்துப்பூச்சிப் படங்களின் கீழ் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அத்துடன் நீளம், தேதி, ஊர், வளர்த்ததென்றால் செடியின் பெயர் ஆகியவற்றைப் போடுங்கள். படம் அனுப்பும் வாசகர்களிடமும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒட்டன்சத்திரம்.