கூண்டில் விட்டபோது சூரையின் எடை என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன் சூரைக் கூண்டுகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மண்டபம் பக்கம் கூண்டில் கடல் விரால் (கோபியா மீன்) வளர்ப்பவன் நான். ஆறு மாதத்துக்குள் மீன் ஏறக்குறைய இரட்டிப்பு எடை ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, உள்ளே விட்டபோது இருந்த எடை எப்படித் தெரியும்?

எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2010-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது. பொரிப்பகக் குஞ்சை எண்ணி, எடை பார்த்துத்தான் விடுகிறோம். அங்கே வளர்ப்பதோ கடலில் பிடித்த மீன். ஜாவாவுக்குத் தெற்கே பிறந்த தென் நீலத்துடுப்புச் சூரையை, இரண்டு மூன்று வயதில் சுருக்குவலையில் வளைத்து, மிதவைக் கூண்டோடு வாரக்கணக்கில் மெதுவாக இழுத்து வருகிறார்கள். நிற்காமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு. ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போட வழியில்லை. அதனால் தூண்டிலில் சில மீன்களை (முன்பு 40, பின்னாளில் 100) மாதிரிக்காகப் பிடித்து எடை போட்டு, அந்தச் சராசரியை வீடியோவில் எண்ணிய மொத்த மீன்களோடு பெருக்குகிறார்கள். வருடத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டில் கழிவது இந்த எண்தான்.

என் கூண்டில் கோரு வலையை விட்டால் முதலில் சிக்குவது ஓரமாக ஒதுங்கி நிற்கும் மெலிந்த மீன்கள். பெரியவை அடியில் இறங்கிவிடும். ஒரு வருடம் அந்தச் சராசரியை நம்பியிருந்தேன். விற்கும்போது மீனுக்கு அரைக் கிலோ கூடுதலாக இருந்ததைப் பார்த்து, வளர்ச்சி பிரமாதம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் புரிந்தது, அது வளர்ந்த எடை இல்லை, நான் எழுதாமல் விட்ட எடை.

சூரையில் இதன் அளவைப் பாருங்கள். கூண்டில் 5,000 மீன் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி 16 கிலோ காட்டுகிறது, உண்மை 18 கிலோ. 10 டன் கணக்கிலிருந்து காணாமல் போய், கடைசியில் 'வளர்ச்சி' என்று திரும்பி வரும். மாதிரி மீன்களின் இந்த எடையைப் பற்றித்தான், தென் நீலத்துடுப்புச் சூரையைப் பிடிக்கும் நாடுகள் சேர்ந்த பாதுகாப்பு ஆணையத்தில் பல வருடமாக வாதம் நடக்கிறது.

எத்தனை மீன் உயிர் பிழைக்கும் என்று கணக்கிடவும் ஒரே சராசரி போதாது. 1996 ஏப்ரலில் ஒரு புயலைத் தொடர்ந்து போர்ட் லிங்கன் கூண்டுகளில் பெரும்பகுதி மீன் செத்தது. ரத்தத் தட்டைப்புழுவால் (மீனின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி) வரும் சாவு, கூண்டுக்கு மாற்றிய ஒன்றரை மாதத்துக்குப் பிறகுதான் ஏறும். தினமும் இத்தனை மீன் சாகும் என்று ஒரே அளவாகப் போடும் எந்தக் கணக்கும் இதைப் பிடிக்காது.

இரட்டைக் கேமரா வைத்து, கூண்டு மாறும்போதே மீன்களின் நீளத்தை அளக்கும் முறை இருக்கிறது. நீளம் தெரிந்தால் எடையைக் கணிக்கலாம், மீனைத் தொடவே வேண்டாம். அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழிலாவது விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்