98 சதவீதத்தில் நின்ற கோடு: ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த விவகாரம் போன வியாழக்கிழமை ஒருவழியாகத் தீர்ந்தது. நேரில் நன்றி சொன்னால் "அட, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

எங்கள் கடையின் பில்லிங் செயலி ஒரு லினக்ஸ் கன்டெய்னரில் ஓடுகிறது; ஒரே இயந்திரத்துக்குள் செயலிக்கென்று தனியாகத் தடுத்துக் கொடுத்த அறை மாதிரி. 512 எம்பி மெமரி, அரை சிபியூ என்று வரம்பு வைத்தவன் நான்தான். தினமும் காலையில் வந்து பார்த்தால் கண்காணிப்புத் திரையில் மெமரி 98 சதவீதம். டாப் கட்டளையில் பார்த்தால் செயலி பிடித்திருப்பது வெறும் 190 எம்பி. உள்ளே போய் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் மொத்தம் 16 ஜிபி என்கிறது. ஒரே மெமரிக்கு மூன்று கணக்கு! நான் செய்ததெல்லாம் தினம் ஒரு ரீஸ்டார்ட். மெமரி கசிகிறது, அதாவது பிடித்த மெமரியைச் செயலி திருப்பித் தருவதில்லை என்று, செயலியை எழுதிய தம்பியை இரண்டு முறை கடிந்துகொண்டது வேறு.

தம்பி, முதல் நன்றி உனக்குத்தான். திட்டு வாங்கிய கையோடு, "அண்ணே, கோடு ராத்திரி 2 மணிக்குத்தான் ஏறுது. அந்நேரம் யார் பில் போடுறா?" என்று கேட்டாய். யாருமில்லை, அதே கன்டெய்னருக்குள் பேக்கப் ஓடுகிற நேரம் அது.

அப்புறம் அக்கா. இரவு 11 மணிக்குப் போனில் பிடித்தும் சலித்துக்கொள்ளாமல், கன்டெய்னரின் மெமரிக் கணக்கைப் பிரித்துக் காட்டும் மெமரி.ஸ்டாட் கோப்பைத் திறந்து வாசிக்கச் சொன்னீர்கள். 'அனான்' (செயலி தன் வேலைக்குப் பிடித்தது) 187 எம்பி, 'ஃபைல்' (படித்த கோப்புகளின் நகல்) 310 எம்பி. பேக்கப் படித்த கோப்புகளையெல்லாம் லினக்ஸின் மையமான கெர்னல், மறுபடி கேட்டால் சட்டென்று தர, பேஜ் கேஷ் என்ற மெமரிப் பகுதியில் வைத்துக்கொண்டு, எங்கள் கன்டெய்னர் பேரில் பற்று எழுதியிருக்கிறது. "பரணில் கிடக்கிற பழைய பேப்பர்டா அது. இடம் வேணும்னா கெர்னலே தூக்கிப் போட்டுடும்" என்றீர்கள். 'இன்ஆக்டிவ் ஃபைல்' (அண்மையில் யாரும் தொடாத கோப்பு நகல்) அளவைக் கழித்துக் காட்டும்படி திரையை மாற்றினேன். கோடு 41 சதவீதத்துக்கு இறங்கியது. ஃப்ரீ சொன்ன 16 ஜிபி முழு இயந்திரத்தின் அளவு. நான் போட்ட வரம்பு அதற்குத் தெரியவே தெரியாது.

அதோடு முடியவில்லை. சிபியூ சராசரி 30 சதவீதம்தான், ஆனாலும் பில் திக்கித் திக்கி வந்தது. கவுண்டரில் இருக்கும் அம்மா, நான் கேட்காமலே, நோட்டின் பின்னட்டையில் 10.42, 11.15, 11.16 என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார். அந்த அட்டையைக் கிழித்தே தந்துவிட்டார். சிபியூ கணக்கு இருக்கும் சிபியூ.ஸ்டாட்டில் 'த்ராட்டில்ட்' (வரம்பு தீர்ந்து நிறுத்தி வைக்கப்பட்ட) எண்ணிக்கை எகிறிய நிமிடங்களும் அவையேதான்.

காரணத்தைப் படம் போட்டு விளக்கியவர் என் பழைய கணினி வாத்தியார். அரை சிபியூ என்றால் ஒவ்வொரு 100 மில்லி நொடிக்கும் 50 மில்லி நொடி சிபியூ நேரம். நான்கு த்ரெட் (செயலிக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒன்றாகப் பாய்ந்தால் அந்த 50-ஐ பன்னிரண்டரை மில்லி நொடியில் தின்று தீர்த்துவிடும். மீதி எண்பத்தேழரைக்கும் சும்மா நிற்க வேண்டியதுதான். நிமிடக் கணக்கில் சராசரி எடுக்கும் திரையில் இது தெரியுமா? சார், நீங்கள் கட்டம் போட்ட அந்தத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வரம்பை இரண்டு சிபியூவாக உயர்த்திய பிறகு அம்மாவின் பென்சிலுக்கு வேலையில்லை.

ரீஸ்டார்ட் ஸ்கிரிப்டை நேற்று அழித்துவிட்டேன். தம்பி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என் செலவு. நம் பழைய சர்வரில் மெமரி வரம்பே போடாத கன்டெய்னருக்கு 9223372036854771712 பைட் என்று காட்டுமே, உன் தட்டுக்கும் அதுதான் வரம்பு.

அன்புடன்,
சர்வர் பார்க்கும் அண்ணன்